பச்சையில் இறங்கும் வேன்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பழைய சாதனை. அந்தச் சக்கரத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அதன் வேகத்தை அறிந்துகொள்வதுதான் புதிய சாதனை. இது நிகழ்ந்த இடம் சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே உள்ள வெண்பாறை எஸ்டேட். நிகழ்த்தியவர்கள் பலர். மாட்டிக்கொண்டவன் ஒருவன். அவன் பெயர் யுவராஜ்.

யுவராஜ் எஸ்டேட்டின் வேன் டிரைவர். காலையில் செம்மநத்தம் போய்க் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களை ஏற்றி வருவான்; சாயங்காலம் கொண்டுபோய் விடுவான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அடிவாரத்துக்கு இறக்கி, சாமான் வாங்கி முடித்ததும் ஏற்றி வருவான். வேகம் என்றால் அவனுக்கு ஆகாது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களின் வழக்கம். யுவராஜ் அதற்கும் ஒரு கியர் குறைத்துத்தான் இறங்குவான். ஒரு வளைவில் அவன் வேனைச் சவ ஊர்வலம் ஒன்று முந்திப்போனதாகச் சொல்வார்கள். அவன் அதை மறுத்ததில்லை.

"அவங்களுக்கு அவசரமுங்க" என்பான்.

இப்படிப்பட்டவனுக்கு எஸ்டேட் 'டிரைவர் ஊடு' கொடுத்திருந்தது. கூலிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளைப்போல் அடுத்த வீட்டுக் குறட்டையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டாத தனி வீடு. வாசலிலேயே தண்ணீர்க் குழாய். ஸ்டியரிங் கையில் இருக்கும்வரை வீடு. ஸ்டியரிங் போனால் மறுபடி லைன். அவன் மனைவி புவனா லைனில் பிறந்து, லைன் குழாயடியில் சண்டை போட்டே வளர்ந்தவள். வாசல் குழாயைத் திறந்துவிட்டு, யாரோடும் சண்டை போடாமல் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

ஒருநாள் ஏற்றத்தில் வேனின் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கி உயிரை விட்டது. அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜாபெஸ், சேலத்துப் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு கம்பெனி வேனின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கொண்டுவந்து இதற்குள் இறக்கினான். எஞ்சின் அருமையாக ஓடியது. வேகம் காட்டுகிற முள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

நல்ல நேரம் பாருங்கள், அதே வாரம்தான் சென்னைத் தலைமையகம் 'பத்திரப் பயணம்' என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கியது. வேனுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு ஸ்பீடு சென்சாரிலிருந்து ஓர் ஒயர். எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை. வேன் மூக்கைத் தாழ்த்தி இறங்குகிறது என்பது பெட்டிக்குத் தெரியும். இறக்கத்தில் முப்பதுக்குள் போனால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. மூன்று சிவப்பு வாங்கினால் ஸ்டியரிங் பறிபோகும். ஏற்றத்தில் எவ்வளவு வேகம் போனாலும் குற்றமில்லை, அது 'உழைப்பு' என்று தனியாகச் சேரும்.

வேகத்தைச் செயற்கைக்கோளே பார்த்துச் சொல்லுமே என்று படித்தவர்கள் கேட்கலாம். சொல்லும்தான். ஆனால் காப்பிச் செடிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரங்கள் அதன் கண்ணை மறைத்தன. மரத்தை வெட்டினால் காப்பி செத்துப்போகும். ஆகவே தலைமையகம் பெரிய மனது பண்ணிச் செயற்கைக்கோளை அணைத்து வைத்தது.

மிச்சமிருந்தது முள். எஸ்டேட் ரைட்டர் காளியண்ணன், வருகைப் பதிவு எழுதுவதிலிருந்து வாழை மரம் காணாமல் போனதை விசாரிப்பதுவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், ஜாபெஸுக்குப் போன் போட்டார்.

"திங்கக்கெழமை சென்னைல இருந்து பாப்பாங்க. முள்ளு ஆடோணும் ஜாபெஸ். மத்ததெல்லாம் அப்பறம்."

"ஆட வெச்சுரலாமுங்க."

திங்கட்கிழமை முள் ஆடியது. சும்மா இல்லை, சாமி வந்ததுபோல ஆடியது.

அன்று சாயங்காலம் யுவராஜ் வழக்கம்போல இரண்டாம் கியரில், எஞ்சின் உறுமி உறுமி வேனை இழுத்துப் பிடிக்க, செம்மநத்தம் இறக்கத்தில் இறங்கினான். முள் எழுபத்திரண்டில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாவாயிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வேனிலேயே மூத்தவள் அவள். வாயும் அதற்குத் தக்கபடி.

"ஏன் சாமி, நான் எறங்கி முன்னால போயி உலை வெச்சுட்டு வரட்டுமா?"

"பேசாம உக்காருங்கக்கா. எழுவத்திரெண்டுல போறோம்."

"எழுவத்திரெண்டா? ரோட்டோரத்துல ஒரு ஓணான் நம்மளத் தாண்டிப் போவுதே, அது எத்தனைல போவுது?"

மறுநாள் காளியண்ணன் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். திரையில் யுவராஜின் பெயருக்கு எதிரே மிளகாய்ப்பழம் போலச் சிவப்பு.

"ஏம்ப்பா, நேத்து காத்தால எங்கிருந்தே?"

"டீக்கடைலீங்க."

"பொய் சொல்லாதே. பதினெட்டுல போயிட்டிருந்தேன்னு இதுல இருக்குது."

"எஞ்சினை அணைக்காம நிறுத்தியிருந்தனுங்க. நான் பெஞ்சு மேல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தேன்."

காளியண்ணன் திரையைப் பார்த்தார். யுவராஜைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்குத் திரையின் மேல்தான் மரியாதை அதிகம்.

"அப்ப டீக்கடையும் கூடவே போச்சா?"

விஷயம் பெரிதாகிவிட்டதால் 'வேக உண்மை அறியும் குழு' கூடியது. தலைமை வகித்தவர் சென்னையிலிருந்து வீடியோவில் தோன்றிய பாதுகாப்பு அதிகாரி ஹேமலதா. நேர்மையானவர். கடும் உழைப்பாளி. மலையை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாக இருந்தது. உறுப்பினர்கள் காளியண்ணனும், அடிக்கடி அறுந்துபோகிற இணையமும்.

"யுவராஜ், நாலாவது வளைவுல எழுபத்திரண்டு போயிருக்கீங்க. என்ன அவசரம்?"

"எழுவத்திரெண்டு போயிருந்தா நான் இப்ப இங்க நிக்க மாட்டனுங்களே மேடம்."

"அதுதான் எங்களுக்கும் ஆச்சரியம்" என்றார் ஹேமலதா, உண்மையான ஆச்சரியத்தோடு.

குழு அறிவியல் முறைப்படி, ஒன்றை மாற்றிப் பார்த்து இன்னொன்றுக்குப் போவது என்று தீர்மானித்தது. முதலில் சென்னையிலிருந்து புது சென்சார் வந்தது. எழுபத்திரண்டு. பிறகு புது மீட்டர். எழுபத்திரண்டு. பிறகு ஜாபெஸ் கையாலேயே ஒயர்கள் முழுக்க மாற்றப்பட்டன. எழுபத்திரண்டு, ஆனால் முன்னைவிட நடுக்கம் இல்லாமல். கடைசியில் ஆபீஸ் திரையை மாற்றினார்கள். புதுத் திரை பெரியது. சிவப்பு இப்போது காளியண்ணன் மேஜையிலிருந்தே கண்ணாடி போடாமல் தெரிந்தது. குழுவின் முதல் வெற்றி அது.

சோதனை ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காமலே இதற்குள் யுவராஜ் இரண்டு சிவப்பு வாங்கிவிட்டான். இனி மாற்றுவதற்கு வேனில் மிச்சமிருந்த ஒரே உதிரி பாகம் டிரைவர்தான்.

அவன் நேரே ஜாபெஸ் பட்டறைக்குப் போனான். ஜாபெஸ் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"ஜாபெஸு, உண்மையச் சொல்லு. அந்த சென்சாரை எங்கே மாட்டுனே?"

"எந்த சென்சாரு? பானெட்டுக்குள்ள சும்மா டேப்பு சுத்தி வெச்சனே, அதா?" குரல் லாரிக்கு அடியிலிருந்து வந்தது. "இந்தக் கியர் பாக்ஸுல அதை மாட்டறதுக்கு ஓட்டையே இல்லப்பா. வேற கம்பெனி மாலு."

"அப்பறம் முள்ளு எப்படிடா ஆடுது?"

"டைனமோவுல இருந்து ஒரு ஒயரு இழுத்து விட்டிருக்கறேன். எஞ்சின் சுத்தச் சுத்த முள்ளு ஏறும்."

"சக்கரம் சுத்தறதுக்கும் அதுக்கும்?"

"சம்பந்தமே இல்ல."

கால் அசையவில்லை. குற்ற உணர்ச்சி உள்ள கால் குறைந்தபட்சம் கட்டைவிரலையாவது மடக்கும். இது நிம்மதியாக இருந்தது.

"ரைட்டரு முள்ளு ஆடோணும்னாரு. ஆடுதில்ல? சக்கரத்தப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசலியே!"

யுவராஜ் அன்றே காளியண்ணனிடம் சொல்ல, அவர் ஹேமலதாவை வீடியோவில் வரவழைத்தார். இறக்கத்தில் கியர் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், மீட்டர் காட்டுவது எஞ்சினை, வண்டியை அல்ல என்று யுவராஜ் கையால் சுற்றிச் சுற்றி விளக்கினான். ஹேமலதா கவனமாகக் கேட்டார்.

"அப்போ அந்த ஒயர் கரெக்டா அனுப்புதா, இல்லையா?"

"கரெக்டாத்தான் அனுப்புதுங்க மேடம். ஆனா அது..."

"குட். அப்போ மீட்டர்ல கோளாறு இல்ல."

ரைட்டர் எழுதிக்கொண்டார்: கோளாறு இல்லை.

யுவராஜ் திரும்பப் பட்டறைக்கு வந்தபோது ஜாபெஸ் லாரியை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். நண்பன் முகத்தைப் பார்த்து அவனுக்கே மனசு கேட்கவில்லை.

"எஞ்சின் சுத்துனாத்தானே செவப்பு? எறக்கத்துல நூட்ரல் போட்டு உட்டுரு. எஞ்சின் தூங்கும். முள்ளு பதினெட்டத் தாண்டாது. பச்சை."

"வண்டி?"

"வண்டி தன்னால போவும். எறக்கம்தானே."

யுவராஜ் அன்று டிரைவர் ஊட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான். புவனா குழாயடியில் நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது; அவள் இன்னொரு குடத்தை வைத்தாள். மறுநாள் செம்மநத்தம் இறக்கத்தில் நியூட்ரல் போட்டான்.

ஆகா, என்ன மாற்றம்! அதுவரை எருமை மாதிரி முனகிய வேன் சத்தமே இல்லாமல் பறந்தது. காப்பிச் செடிகள் பச்சைக் கோடாக நீண்டன. பாவாயியின் வெற்றிலைப் பை மடியிலிருந்து எழும்பி முன் சீட்டுக்குப் போனது. முள் பதினெட்டில் சாந்தமாகப் படுத்திருந்தது.

"சாமி! கண்ணு! யுவராஜு! நான் உன்ன ஓணான்னு சொல்லலடா! ஓணானத்தான் ஓணான்னு சொன்னேன்! மெதுவாப் போடா!"

சாயங்காலம் பால் வாங்கச் செம்மநத்தம் போய்வருகிற புவனாவும் அந்த வேனில்தான் இருந்தாள். வேன் ஒருவழியாக நின்றதும் இறங்கி, பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவன் ஓடிப்போய் மறித்தான்.

"எல்லாம் அந்த ஊட்டுக்காகத்தான் புள்ள."

"ஊட்ல குடியிருக்க ஆளு வேணுமா, வேண்டாமா மாமா? நான் இனிமே நடந்தே போய்க்கறேன்."

அன்றிலிருந்து அவள் நடந்தாள். மற்ற பெண்கள் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் தங்கள் தங்கள் குலதெய்வத்தையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிரேக் தினமும் தீய்ந்த வாடை அடித்தது. திரை பச்சைப்பசேல் என்று, மழைக்காலத்து மலை மாதிரி, பார்ப்பவர் மனதைக் குளிரவைத்தது.

அடுத்த மாதக் கடைசியில் செய்தி வந்தது. கம்பெனியின் அத்தனை மலை எஸ்டேட்டுகளிலும் மிக மெதுவாக இறங்கும் வேன் வெண்பாறை வேன். மிகவும் பத்திரமான டிரைவர் யுவராஜ். தலைமையகம் அவனை வீடியோவில் பேட்டி எடுத்தது. இரகசியம் என்ன என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவன், "நூட்ரலுங்க" என்றான். அந்தப் பக்கம் கை தட்டினார்கள்.

விருது கொடுக்க ஹேமலதாவே வந்தார். ஆபீஸ் வாசலில் சால்வை போர்த்தினார். பிறகு சாதனையை நேரில் அனுபவிக்க விரும்புவதாகவும், அடிவாரம்வரை வேனிலேயே வருவதாகவும் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை, வேன் நிறைய ஆட்கள். விருது வாங்கினவன் பெண்டாட்டி நடந்து வந்தால் கம்பெனிக்கு அழகா என்று காளியண்ணன் கெஞ்சிக் கூத்தாடி புவனாவையும் ஏற்றிவிட்டார். அவர் ஏறவில்லை. அவருக்கு ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொள்ளும் கடமை இருந்தது.

ஹேமலதா முன் சீட்டில் உட்கார்ந்து, ஆபீஸ் திரையில் தெரிவதையே போனிலும் திறந்து வைத்தார். பதினெட்டு. பச்சை. முகம் மலர்ந்தது.

"எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு! எஞ்சின் சத்தமே இல்ல."

"ஆமாங்க மேடம்."

முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவு வந்ததே தெரியாமல் போனது. மூன்றாவதில் பாவாயி இருக்கையிலிருந்து பக்கத்துப் பெண்ணின் மடிக்குக் குடிபெயர்ந்தாள்.

"யுவராஜ், ஏன் மரமெல்லாம் இவ்வளவு வேகமாப் போகுது?"

"மரம் போகலீங்க மேடம்."

ஹேமலதா ஜன்னலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பதினெட்டு. கொஞ்சம் தைரியம் வந்தது. "என்னமோ கருகுற வாசனை வருதே?"

"பிரேக்குங்க மேடம்." யுவராஜ் மறுபடி பெடலை மிதித்தான். அது பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல உள்ளே போனது. வேன் கேட்டுக்கொள்ளவில்லை. "மேடம், கியர்ல போட்டுக்கட்டுங்களா? நிக்க மாட்டேங்குது."

"பதினெட்டுலதான போறோம்? இதோ பாருங்க!" அவர் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். போன் நகர்ந்ததும் அதன் பின்னால் மலையேறி வருகிற சேலம் பஸ் தெரிந்தது.

கியர் போட்டால் மூன்றாவது சிவப்பு. அவன் கை கியர் மேல் போய் நின்றது. அந்தக் கை அங்கே நின்ற நேரத்தில் வாசல் குழாய், தனிச் சுவர், நிறைந்து வழிகிற குடம் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

"ஊடு போனாப் போவுது மாமா!" பின்னாலிருந்து புவனா கத்தினாள். "கியரப் போடு!"

"போடுங்க! போடுங்க!" என்று ஹேமலதாவும் கத்தினார்.

போட்டான். கை பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கியர். வேன் தலைகீழாக விழுவதுபோலக் குலுங்கியது. பிறகு இரண்டாம் கியர். எஞ்சின் காடே அதிர அலறியது. வேன் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி, தளர்ந்து, மாட்டு வண்டியாகி, நடையாகி, பஸ் உரசாமல் விலகிப் போவதற்கும் சாக்கடைத் திட்டில் இடித்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. இந்த நேரம் முழுக்க ஹேமலதாவின் போன் அவர் மடியில் துள்ளித் துள்ளிக் கூவியது: "அதிவேகம்! தொண்ணூற்றாறு! அதிவேகம்!"

யாருக்கும் கீறல்கூட இல்லை. ஹேமலதா இறங்கி, ஒரு பாறை மேல் உட்கார்ந்து, யுவராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதான் எங்க உயிரைக் காப்பாத்தினீங்க. உங்களை மறக்கவே மாட்டேன்."

அவர் மறக்கவில்லை. சென்னை போனதும் முதல் வேலையாக அந்த மூன்றாவது சிவப்பை அழிக்க முயன்றார். அழிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. மேலதிகாரிக்குத்தான் உண்டு. மேலதிகாரி நியாயமானவர், எதையும் தீர விசாரிக்காமல் செய்ய மாட்டார்.

"சம்பவத்தப்போ நீங்க வேன்ல இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"தொண்ணூற்றாறுன்னு உங்க போன்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார், ஆனா..."

"பயந்தீங்களா?"

"ரொம்ப."

விசாரணை முடிந்தது. அதிவேகம் கண்கண்ட சாட்சியோடு நிரூபணமானது. யுவராஜிடமிருந்து சாவியைக் காளியண்ணன் மிகுந்த வருத்தத்தோடு வாங்கிக்கொண்டார். புவனா பாத்திரங்களை லைனுக்குச் சுமந்தாள். போன அன்றே குழாயடியில் ஒரு சண்டையும் போட்டு, விட்ட இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடங்கினாள். யுவராஜுக்குக் காப்பிக் களத்தில் கொட்டை கிளறுகிற வேலை. அதற்கு வேக வரம்பு கிடையாது.

ஆனால் தனி மனிதன் தவறு செய்தான் என்பதற்காக அவனுடைய நல்ல யோசனையைத் தூக்கிப் போடுகிற அளவுக்குத் தலைமையகம் குறுகிய மனம் படைத்ததல்ல. அவனுடைய வீடியோ பேட்டியை அடிப்படையாக வைத்து, எல்லா மலை எஸ்டேட்டுகளிலும் இறக்கத்தில் நியூட்ரலில் மட்டுமே வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு 'யுவராஜ் முறை' என்று அவன் பெயரையே வைத்தார்கள். மற்ற எஸ்டேட்டுகளில் அப்படி இறங்கியபோது திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அந்த வேன்களில் சென்சார் சக்கரத்தோடு இணைந்திருந்ததுதான் காரணம். தலைமையகம் கோளாறைச் சரியாகப் பிடித்தது. அத்தனை வேன்களும் அடிவாரத்துக்கு வரவழைக்கப்பட்டு, வெண்பாறை வேனில் உள்ளபடியே சென்சாரைப் பழுது நீக்கித் தரும் பொறுப்பு ஜாபெஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது அவனுக்கு லாரிக்கு அடியில் படுக்கவே நேரமில்லை.

வேனுக்குப் புதிதாக வந்திருக்கிற டிரைவர் சத்யராஜ் நேற்று களத்துக்கு வந்து, யுவராஜ் முன்னால் பவ்வியமாக நின்றான்.

"அண்ணா, அந்த யுவராஜ் முறைய ஒருக்கா எனக்குச் சொல்லிக் குடுங்ணா."

யுவராஜ் கிளறுவதை நிறுத்தவில்லை. "அதுக்கு டிரைவரே வேண்டாம் சாமி. மலையே பாத்துக்கும்."

தலைமையகத்தின் உறுதிமொழிப்படி இனி அதன் எந்த எஸ்டேட் வேனிலும் அதிவேகத்தால் ஓர் உயிர்கூடப் போகாது. நம்பலாம். போகிற உயிரெல்லாம் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில், பச்சையாகத்தான் போகும். காளியண்ணனும் அதைத் திரையில் பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதிக்கொள்வார்.